ஈபி-3 இந்தியா வரிசை நகரவே இல்லை: காத்திருப்பதா, அயர்லாந்து போவதா?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். ரியாத்தில் ஐசியு நர்ஸாக இருக்கிறேன். என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) பாஸ் பண்ணியபிறகு ஒரு ஏஜென்சி மூலம் அமெரிக்காவில் வேலை அமைந்தது. 2023 ஆகஸ்டில் ஈபி-3 என்ற வேலைவழிக் குடியேற்ற விசா பிரிவில் எனக்காக ஐ-140 மனு போட்டார்கள், அதுதான் வரிசையில் என் தேதி. கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியத்தில் போட்டதால் அப்ரூவலும் சீக்கிரமே வந்துவிட்டது. இனி மும்பை இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி என்று என் கணவர் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "எப்போ கிளம்புறீங்க?"

எந்தத் தேதிக்கு முன் மனு போட்டவர்களுக்கு விசா என்று அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டின் மாதாமாதம் வந்ததும், நைட் முடித்து ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, யூனிஃபார்ம் கூட மாற்றாமல் லாக்கர் ரூமில் நின்றபடி போனில் திறந்து பார்ப்பேன். குடும்ப விசா அட்டவணையைத் தாண்டிக் கீழே வந்தால் வேலை விசா அட்டவணை, அதில் மூன்றாவது வரி, இந்தியா கட்டம். 2025 அக்டோபர் புல்லட்டினில் அங்கே இருப்பது 2013 ஆகஸ்ட் 22. நான் 2013இல் நர்சிங் மாணவி, ஐவி போடவே கை நடுங்கிய காலம்!

2023 ஜனவரி தேதி வைத்திருந்த ஃபிலிப்பினோ தோழி மணிலாவில் இன்டர்வியூவே முடித்துவிட்டாள். ஏஜென்சியில் கேட்டால் "புல்லட்டின் மூவ் ஆகலை சிஸ்டர், வெயிட் பண்ணுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் விசா ஸ்கிரீன் (படிப்பு, உரிமம், ஆங்கிலம் சரிபார்த்துத் தரும் சான்றிதழ்) மட்டும் உடனே முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். நிஜமாகவே பத்து வருடம் ஆகுமா? நடுவில் அயர்லாந்து போனால் இந்த கேஸ் செத்துவிடுமா? ஒப்பந்தத்தில் வேறு, மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 25,000 டாலர் கட்டவேண்டும் என்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்குக்காற்று எழுதியது:

தங்கச்சி, தாமதம் எம்பஸியிலும் இல்லை, ஏஜென்சியிலும் இல்லை. எண்ணிக்கையில் இருக்கிறது. வேலை வழியாகத் தரும் குடியேற்ற விசா வருடத்துக்கு அடிப்படையில் 1,40,000. அதில் ஈபி-3க்கு 28.6 சதவீதம், அதாவது 40,000 சொச்சம். நர்ஸ், சாஃப்ட்வேர்காரர், கணக்காளர் எல்லோரும் அதற்குள்தான். அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகளும் அதே 40,000இல்தான் கழிவார்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு வேறு. அதன்படி பார்த்தால் ஈபி-3இல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிடைப்பது 2,800 அளவில். உங்கள் ஐசியுவில் இருந்து மட்டும் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், விளங்கும்.

நர்ஸுக்கு ஷெட்யூல் ஏ சலுகை இருக்கிறதே என்பீர்கள். உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று ஹொஸ்பிட்டல் விளம்பரம் போட்டு நிரூபிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். ஐ-140 வரைக்கும் அந்த வேகம் உதவும். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே வரிசை.

இந்தியா கட்டம் 2023 அக்டோபரில் 2012 மே 1. 2024 அக்டோபரில் 2012 நவம்பர் 1. ஒரு முழு வருடத்தில் ஆறே மாதம். அதற்கடுத்த வருடம் பத்து மாதம் போல நகர்ந்தது. பத்து வருடம் என்று நீங்கள் போட்ட கணக்கு குறைவாகக்கூட இருக்கலாம், ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுடைய கணவர் எங்கே பிறந்தவர்? "இந்தியர்" என்று பதில் சொல்ல வேண்டாம். பிறந்த இடம் எது?

ஏன் கேட்கிறேன் என்றால், சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டின் நிறத்தை இல்லை, பிறந்த மண்ணை. நான் இலங்கையில் பிறந்தவள். திருச்சிக்காரி ஒருத்தியும் நானும் 2021இல் ஒரே ஹொஸ்பிட்டலுக்கு, ஒரே வக்கீல் மூலம் போட்டோம். இரண்டு பேரும் ஒரே பாஷைதான் கதைக்கிறோம், அனுபவத்தில் அவள்தான் மூத்தவள். நான் 2022 கடைசியில் அமெரிக்கா வந்து சேர்ந்துவிட்டேன். அவள் இன்னமும் துபாயில். அவள் கணவரும் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் வேறு வழி கிடைக்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, அவர் பிறந்தது குவைத்! மாமனார் அங்கே ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தார். இவர் 1989இல் பிறந்தார், 1990இல் சண்டை வந்ததும் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் குவைத் என்றே இருக்கிறது. இந்தக் கேள்வியை ஏஜென்சியில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. படிவத்தில் என் பிறந்த இடம் மட்டும்தான் கேட்டார்கள். ஆனால் அவர் இந்தியக் குடிமகன், குவைத் குடியுரிமை கிடையாது. பரவாயில்லையா?

கிழக்குக்காற்று எழுதியது:

பரவாயில்லை. குடியுரிமை தேவையில்லை, பிறந்தால் போதும். வளைகுடாவில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. மனைவி விண்ணப்பதாரர், கணவர் அவரோடு வருபவர் என்றால், கணவர் பிறந்த நாட்டின் வரிசையை மனைவி எடுத்துக்கொள்ளலாம். வக்கீல்கள் இதற்கு கிராஸ் சார்ஜபிலிட்டி என்பார்கள். அம்மா அப்பா பிறந்த நாடு பொதுவாக இதற்கு உதவாது, பிள்ளை பிறந்த நாடும் உதவாது. சின்னக் குழந்தை ரியாத்தில் பிறந்தது, அதை வைத்து நான் மாறலாமா என்று கேட்பவர்கள் நிறைய, அதனால் சொல்கிறேன்.

ஒரு கண்டிஷன் இருக்கிறது. அவர் பிறந்த நாட்டை வைத்து உங்களுக்கு விசா கிடைப்பதால், இரண்டு பேருக்கும் விசா சேர்ந்தே வரவேண்டும், அமெரிக்காவுக்குள்ளும் சேர்ந்தே நுழைய வேண்டும். நீங்கள் முன்னால் போய் வேலையில் சேர்ந்துவிட்டு அவரைப் பிறகு கூப்பிடும் திட்டம் இதில் நடக்காது. பிள்ளைகள் இருந்தால் பிறகு வரலாம்.

குவைத், இலங்கை, கென்யா எல்லாம் புல்லட்டினில் ஒரே கட்டம், முதல் கட்டம். 2025 அக்டோபர் புல்லட்டினில் அங்கே இருந்தது 2023 ஏப்ரல் 1. உங்கள் தேதி ஆகஸ்ட். பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

அவசரப்பிரிவு எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் நாலு மாதம், ஆகவே நாலு மாதத்தில் விசா என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள் சிஸ்டர். அந்த முதல் கட்டமும் நம்பக்கூடியது இல்லை. 2023 ஏப்ரல் வரை அங்கே தேதியே கிடையாது, யாருக்கும் உடனே விசா. மே மாதம் 2022 ஜூன் 1 என்று தேதி போட்டார்கள். ஆகஸ்டில் அது 2020 மே 1 என்று பின்னோக்கிப் போனது. அப்போது இன்டர்வியூ தேதி கையில் வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். மெடிக்கல் முடித்து, ஸ்கேன் கவர் எல்லாம் பையில் வைத்தபிறகு விசா எண் இல்லை என்று மெயில். மெடிக்கலுக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் ஆயுள். மறுபடி முதலில் இருந்து, மறுபடி பணம்.

அமெரிக்க அரசின் வருடக் கணக்கு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடியும். கடைசி மாதங்களில் எண் தீர்ந்து தேதி பின்னால் போவது வாடிக்கை. 2024 செப்டம்பரில் ஈபி-3 சுத்தமாகத் தீர்ந்தே போனது. என்னோடு இருந்த ஒருத்தர் இன்டர்வியூ லெட்டர் வந்த கையோடு ரிசைன் பண்ணிவிட்டார், அப்புறம் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி, பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ரிசைன் லெட்டர் டிராயரிலேயே இருக்கட்டும்.

விசா ஸ்கிரீனுக்கும் இதே கணக்குதான். அது ஐந்து வருடம் செல்லும், இங்கிலீஷ் டெஸ்ட் மதிப்பெண் இரண்டு வருடம்தான். ஐ-140க்கு என்கிளெக்ஸ் பாஸ் போதும், விசா ஸ்கிரீன் கேட்பது இன்டர்வியூவில். இந்தியா வரிசையிலேயே நிற்பதாக இருந்தால் இப்போது எடுப்பது வீண். குவைத் பக்கம் மாறினால் தொடங்கிவிடலாம், காலேஜில் இருந்து பேப்பர் அனுப்ப வைப்பதற்கே உயிர் போய்விடும்.

பழைய_இன்சார்ஜ் எழுதியது:

அயர்லாந்து பற்றி யாரும் சொல்லவில்லை, நான் டப்ளினில் இருப்பதால் சொல்கிறேன். ஐ-140 என்பது வருங்கால வேலைக்கான மனு. இடையில் நீங்கள் ரியாத்தில் இருந்தாலும் டப்ளினில் இருந்தாலும் பிரையாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் தேதி) அப்படியே இருக்கும். இங்கே என்எம்பிஐ (அயர்லாந்து நர்சிங் வாரியம்) பதிவுக்கு முதலில் டிசிஷன் லெட்டர், பிறகு ஆப்டிடியூட் டெஸ்ட் அல்லது அடாப்டேஷன் (ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் பயிற்சி). நர்ஸுக்கு கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (ஆள் தட்டுப்பாடான வேலைக்கான அனுமதி) கிடைக்கும், கணவரும் வேலை பார்க்கலாம். சவுதியை விட்டுக் கிளம்பும் முன் அங்கே போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிவிடுங்கள், வெளியே வந்தபிறகு அதற்கு அலைவது பெரிய பாடு. ஈமெயில் மாறினால் என்விசியில் (அமெரிக்க தேசிய விசா மையம்) சொல்லுங்கள். தேதி வந்து அவர்கள் கூப்பிட்டும் ஒரு வருடம் நீங்கள் அசையாமல் இருந்தால் கேஸை மூடிவிடுவார்கள்.

ஒப்பந்தம். இதில் எனக்குக் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். 25,000 டாலர் என்பது நர்ஸைப் பயமுறுத்தி நிறுத்திவைக்கிற தொகை. 2019இல் நியூயார்க்கில் ஃபெடரல் நீதிமன்றம், ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் போட்ட வழக்கில், இதே 25,000 டாலர் ஷரத்து செல்லாது என்றது. அது மட்டும் இல்லை, அப்படி மிரட்டி வேலை வாங்குவது ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறுகிறது என்றும் சொன்னது. அதற்காக உங்கள் ஒப்பந்தமும் தானாகச் செல்லாது என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒவ்வொரு மாதிரி. மூன்று வருடம் எந்த நாளில் தொடங்குகிறது, அவர்களே வேலையை விட்டு நிறுத்தினால் யார் கட்டுவது, மாதம் போகப் போகத் தொகை குறையுமா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ஏஜென்சி "வேறு இடம் போனால் உன் தேதி போய்விடும்" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டால், மோசடி மாதிரி காரணத்துக்காக ரத்தானால் ஒழிய, அந்த 2023 ஆகஸ்ட் தேதி உங்களுடையது. அடுத்த முதலாளி புது ஐ-140 போட்டாலும் பழைய தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவரை எழுப்பி பர்த் சர்டிபிகேட் கேட்டேன். 1990இல் கிளம்பின அவசரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம்! மாமியாரிடம் இருப்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த அரபிச் சீட்டு மட்டும், அதுவும் பாதி அழிந்தது. பாஸ்போர்ட்டில் குவைத் என்று இருப்பது போதாதா?

கிழக்குக்காற்று எழுதியது:

போதாது, அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை இணையதளத்தில் ரெசிப்ராசிட்டி என்ற பகுதியில் நாடு வாரியாக எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம் கொடுத்தது செல்லும் என்று இருக்கும். குவைத்தை எடுத்துப் படியுங்கள். பிறகு குவைத் சுகாதார அமைச்சில் பிறப்புப் பதிவின் நகல் எடுக்க அங்கே இருக்கும் ஆள் யாரையாவது பிடியுங்கள். மாமனார் அப்போது இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருந்தால் அதுவும் துணைக்கு வரும், அவரைக் கேளுங்கள். அந்த அரபிச் சீட்டை எறிந்துவிட வேண்டாம், அதில் இருக்கும் தேதியும் ஆஸ்பத்திரிப் பெயரும் பதிவைத் தேட உதவும். மொழிபெயர்த்து ஸ்கேன் பண்ணி வையுங்கள்.

வக்கீலுக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள், ஏஜென்சி வழியாக இல்லை, நேராக. கணவர் குவைத்தில் பிறந்தவர், அந்த நாட்டுக் கணக்கில் கேஸை மாற்ற வேண்டும் என்று இரண்டே வரி போதும். என்விசி தானாகக் கவனித்து மாற்றும் என்று இருந்துவிடாதீர்கள், நாம் கேட்க வேண்டும். கல்யாண சர்டிபிகேட்டும் அவருடைய பாஸ்போர்ட் பக்கமும் கூட அனுப்புங்கள். இரண்டிலும் அவர் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா? இனிஷியல் விரித்து எழுதியதில்தான் நம் ஆட்களுக்குப் பாதிப் பிரச்சினை வரும்.