விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டும் இரட்சிப்பின் நிச்சயம் ஏன் குலைகிறது?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். “இன்றிரவு மரித்தால் எங்கே போவீர்கள்?” என்று கன்வென்ஷன் கூட்டத்தில் போதகர் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தி ஒப்புக்கொடுக்கிறேன், ஆனால் பழைய கோபமும் பொய்யும் மறுபடி தலைகாட்டியதும், அந்த ஒப்புக்கொடுத்தல் மெய்தானா என்று கலங்குகிறேன். ரோமர் 5:1-இன்படி நான் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டிருந்தால், அதாவது தேவன் என்னை நீதிமான் என்று தீர்த்திருந்தால், இந்தக் கலக்கம் ஏன்?

பதில் 1:
சகோதரரே, தேவன் அளித்த தீர்ப்பையும் அதைப் பற்றிய உங்கள் மன உணர்வையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுவதால் கிடைக்கும் தீர்ப்பு, நம் நடக்கைக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. ஆபிரகாமுக்கு விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-இல். விருத்தசேதனம் நடந்ததோ 17-இல். இந்த வரிசையை வைத்தே, நீதி சடங்கினால் அல்ல, விசுவாசத்தினாலேயே என்று பவுல் ரோமர் 4-இல் வாதாடுகிறார். அதற்கும் பிறகு, 20-ஆம் அதிகாரத்தில், அதே ஆபிரகாம் கேராரில் சாராளைத் தன் சகோதரி என்று சொல்லி அபிமெலேக்கை ஏமாற்றுகிறான். அப்போதும் தேவன் அவனைத் தீர்க்கதரிசி என்றும், அவன் அபிமெலேக்குக்காக வேண்டுதல் செய்வான் என்றும் சொல்லுகிறார். பொய் பொய்தான், அதற்காக அவன் வெட்கப்படவும் நேர்ந்தது. ஆனால் தீர்ப்பு திரும்பப் பெறப்படவில்லை.

பதில் 2:
கத்தோலிக்கனாக ஒரு வார்த்தை. தனி வெளிப்பாடு இன்றி, தான் இறையருளைப் பெற்றுவிட்டதாக எவரும் தவறவே முடியாத உறுதியோடு அறிய இயலாது என்று எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் கற்பித்தது. ஆயினும் இறைவனின் இரக்கத்தை ஐயுறுமாறு அது கூறவில்லை. 1999-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்போடு எங்கள் திருச்சபை ஆக்ஸ்பர்க் நகரில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையும், நம் தகுதியால் அன்றி அருளினாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார் என்கிறது. ஆனால் நம்பிக்கையினால் மட்டுமல்ல, செயல்களினாலும் மனிதர் நீதிமானாக்கப்படுகிறார் என்னும் யாக்கோபு 2:24-ஐ யாரும் தாண்டிவிடக் கூடாது.

பதில் 3:
ஐயா சுட்டிய வசனத்தை நாங்களும் தாண்டுவதில்லை. கிரியை, அதாவது நற்செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்பதில் எங்களுக்குள் வழக்கில்லை. கேள்வி கேட்ட சகோதரருக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1646-இல் முடிக்கப்பட்ட, சீர்திருத்தத் திருச்சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18-ஆம் அதிகாரம், மெய்யான விசுவாசியும் இரட்சிப்பின் நிச்சயத்தை அடைய நெடுங்காலம் காத்திருக்க நேரலாம், பாவத்தில் விழுவதால் அது அசைக்கப்படவும் கூடும் என்று ஒளிக்காமல் சொல்லுகிறது. எனவே கலக்கம் வந்ததாலேயே நீங்கள் அவிசுவாசி ஆகிவிடவில்லை. கையை எவ்வளவு உண்மையாய் உயர்த்தினோம் என்று ஆராய்வது, விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிடும். கூட்டங்களில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது என் வருத்தம். அடுத்த கன்வென்ஷனுக்குக் காத்திராமல், கோபத்தில் பேசியவரிடம் இந்த வாரமே மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஞாயிறு திருவிருந்துக்கு வாருங்கள்.