சுவர் விரிசலுக்கு என்ன போட்டு அடைப்பது? வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார், அவசரம்

நொய்யல்கரை:
வணக்கமுங்க. வீட்டுச் சுவரில் விரிசல். பொங்கலுக்கு வெள்ளை சிமெண்ட் குழைத்து அடைத்தேன், சித்திரையில் அதே இடத்தில் அதே கோடு. அப்புறம் பட்டியும் (வால் புட்டி) போட்டுப் பார்த்தாயிற்று, அதுவும் ஓடு மாதிரி பெயர்ந்து வருகிறது. ஆவணியில் தங்கச்சி கல்யாணம், ஒரம்பரை வந்து போகிற வீடு. எந்தக் கம்பெனி கிராக் ஃபில்லர் நல்லது? சீக்கிரம் சொல்லுங்க.

பெருந்துறை மாப்பிள்ளை:
எந்தச் சுவர்? உள்ளேயா, வெளியேயா? கோடு நேராகவா, சாய்வாகவா, வலை மாதிரியா? வீடு கட்டி எத்தனை வருடம்? இதெல்லாம் இல்லாமல் கம்பெனி பெயர் மட்டும் கேட்டால் என்னத்தைங்க சொல்ல?

கரிசக்காட்டான்:
மண்ணுதான் காரணம், வேறு ஒன்றும் தேட வேண்டாம். உடுமலைப் பக்கம் எங்கள் வீடும் இப்படித்தான். மழையில் கரிசல் உப்பும், கோடையில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும், அஸ்திவாரமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தண்ணீர் இறங்காமல் கான்கிரீட் போட்டு, வெளியே வழிகிற மாதிரி வாட்டம் கொடுங்க. சுவருக்குள் என்ன அடைத்தாலும் வீண்தான்.

நொய்யல்கரை:
எங்களுடையது செம்மண் பூமிங்க அண்ணா. விரிசல் மாடி ரூமில், உள்பக்கம்.

சிவில் சீனியர்:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழையதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பட்டி என்பது சுவரை மழமழப்பாக்குகிற மேல்பூச்சு. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கனமாக ஏற்றினால் அதுவே வெடிக்கும். இதுகூடத் தெரியாமல் கரண்டியை எடுத்தால் இப்படித்தான். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீள்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

அவிநாசி அம்மிணி:
அவருக்கு வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார் சார், பென்சில் கோட்டை எத்தனை மாசம் பார்ப்பது? தம்பி, பட்டி பெயர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சுவரை நனைக்காமல் போட்டார்களா? வெள்ளை சிமெண்ட் பட்டியைக் காய்ந்த சுவரில் இழுத்தால் ஈரத்தைச் சுவர் குடித்துவிடும், அதுவும் இந்த ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் விரலால் தேய்த்தாலே திருநீறு மாதிரி உதிர்ந்தது.

மேஸ்திரி மகன்:
மாடி ரூம் என்றால் அதற்கு மேலே மொட்டை மாடிதானே? கோடு கூரையை ஒட்டிச் சுற்றி ஓடுகிறதா?

நொய்யல்கரை:
ஆமாங்க, கூரைக்குக் கீழேயே தெற்கு, மேற்கு இரண்டு சுவரிலும் நேராக ஓடுகிறது. ஜன்னல் மூலையிலும் சாய்வாக ஒன்று இருக்கிறது. 2016இல் கட்டிய வீடு, ஃபிளை ஆஷ் கல்.

காங்கேயம் காளை:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே இல்லையே! சாம்பல் கல் வீடு விரிசல் விடத்தான் செய்யும். எங்கள் அப்புச்சி கட்டிய செங்கல் வீட்டில் இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது.

சேம்பர் பங்காளி:
கல்லைக் குறை சொல்லாதீங்க. எங்களுக்கு அதுதான் தொழில். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் கல் போட்டு, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டி ஆறவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. நேற்று அச்சில் இருந்து இறக்கியதை இன்றைக்கே லாரியில் ஏற்றச் சொல்கிறார்கள், அந்தக் கல் சுவரில் போய்ச் சுருங்காமல் வேறு எங்கே சுருங்கும்? கோவை பக்கம் தடாகத்துச் செங்கல் சூளைகளை 2021இல் மூடிய பிறகு உங்களுக்குச் செங்கல் என்ன விலையில் கிடைக்கிறது, அதையும் சொல்லுங்க.

காங்கேயம் காளை:
விலையைப் பற்றி யார் பேசினார்கள்? உங்கள் கல் மழமழவென்று இருக்கிறது, பூச்சு பிடிப்பதில்லை. எந்தக் கொத்தனாரை வேண்டுமானாலும் கேளுங்க.

சேம்பர் பங்காளி:
கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நனைக்காமல், சிமெண்ட் பால் அடிக்காமல் பூசுகிற கொத்தனாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்க.

மேஸ்திரி மகன்:
கல் பஞ்சாயத்தை வேறு இடத்தில் வையுங்க சாமிகளா. தம்பி, வெயிலில் கூரை கான்கிரீட் விரியும், ராத்திரி சுருங்கும், கீழே நிழலில் இருக்கிற சுவர் அந்த அளவுக்கு அசையாது. இரண்டும் சேர்கிற இடத்தில்தான் உங்கள் கோடு. தெற்கிலும் மேற்கிலும் வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், அதை விடியற்காலையிலும் மத்தியானம் மூன்று மணிக்கும் ஒரே இடத்தில் நுழைத்துப் பாருங்க. வித்தியாசம் தெரிந்தால் அது உயிருள்ள விரிசல், கல்லாட்டம் இறுகுகிற வெள்ளை சிமெண்ட் அங்கே நிற்காது.

பழசையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுக் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டுங்க. டொப்பென்று சத்தம் வந்தால் பூச்சு கல்லை விட்டுவிட்டது, அந்த இடத்தை உடைத்துத்தான் பூச வேண்டும். கெட்டியாக இருந்தால் கட்டிங் மெஷினால் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்து, பிரஷ்ஷால் தூசி சுத்தமாகப் போகிற வரைக்கும் தட்டுங்க, தூசியின் மேல் எந்தக் கம்பெனிச் சாமானும் ஒட்டாது. அறுத்த இடத்தில் அடைக்க, பெயிண்ட் பிடிக்கிற அக்ரிலிக் சீலண்ட் (காய்ந்தும் ரப்பர் மாதிரி நெகிழ்கிற பசை) என்று கேட்டு வாங்குங்க. கடையில் சிலிகானைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. ஒரு நாள் காயட்டும். அப்புறம் ஃபைபர் மெஷ் டேப் ஒட்டி, மெல்லிசாகப் பட்டி இழுத்து, உப்புத்தாள் போடுங்க.

இத்தனை செய்தும் கோடையில் முடி மாதிரி ஒரு கோடு வரலாம், வராது என்று நான் சொல்ல மாட்டேன். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்தால் அசைவு குறையும். நாங்கள் இரண்டு வீட்டில் கூரை ஓரத்தில் வேண்டுமென்றே விரல் அகலப் பள்ளம் விட்டுவிட்டோம், வருகிறவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சிவில் சீனியர்:
நான் நாலு வரியில் சொன்னதை நீட்டி எழுதியிருக்கிறார். சரி.

நொய்யல்கரை:
காலையில் கார்டு சுலபமாகப் போகிறது, மத்தியானம் இறுக்கமாக இருக்கிறது. பெயிண்டர் வந்துவிட்டார், அறுக்கிற சத்தம்தான் கேட்கிறது. கூரை ஓரத்தில் பள்ளம் மட்டும் அம்மா வேண்டாம் என்கிறார்கள். நன்றிங்க.

பெருந்துறை மாப்பிள்ளை:
ஜன்னல் மூலையில் சாய்வாகப் போகிறது என்றீர்களே, அது வெளிப்பக்கமும் தெரிகிறதா? இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்தால் அது பூச்சு விரிசல் இல்லைங்க, பட்டி போட்டு மறைத்துவிடாதீங்க. இன்ஜினியர் யாரையாவது கூட்டிக் காட்டுங்க.

பெருந்துறை மாப்பிள்ளை:
தம்பி?

அவிநாசி அம்மிணி:
பத்திரிகை வைக்கப் போயிருப்பார், விடுங்க.