சேற்றில் இறங்கிய ஜீப்: பாகூர் வீட்டுக் குழுவில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

பாகூர் தம்பி, காலை 9.40
அனைவருக்கும் வணக்கம். கரும்பு ஏற்றிய டிராக்டர் நேற்று வயல்வழியில் புதைந்துவிட்டதால், நம் ஜீப்பை ஃபோர் வீலில் போட்டு இழுக்க வேண்டியதாயிற்று. ஆக்சில் முழுகும் அளவுக்குச் சேறும் தண்ணீரும் இருந்தன. மாலையே வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டேன், பார்வைக்கு வண்டி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இன்று கடலூர் சாலையில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது. வெப்பம் காட்டும் முள்ளும் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்கிறது. நெல்லிக்குப்பம் மாமாதான் வழி சொல்ல வேண்டும்.

வில்லியனூர் சித்தப்பா, காலை 9.52
பள்ளத்தில் ஏறி இறங்கியதில் சக்கரங்களை நேராக நிறுத்தும் அலைன்மென்ட் போயிருக்கும், தம்பி. நாளைக்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடு.

நெல்லிக்குப்பம் மாமா, காலை 10.15
மச்சான், அலைன்மென்ட் கெட்டிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரும் ஒரு ஓரமாகத் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மட்டும் நடுக்கம் வருகிறதென்றால் சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக இல்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் என்றால் தண்ணீர் பட்டதும் பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். பாகூர் வயல் களிமண் அப்படியில்லை, ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். சர்வீஸில் அடிக்கும் தண்ணீர் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுவதால் அது யார் கண்ணிலும் படாது. மாப்பிள்ளை, நான்கு சக்கரத்தையும் கழற்றி, இரும்புக் கம்பி வேண்டாம், மரக்குச்சியால் சுரண்டி எடு. அதன் பிறகும் நடுங்கினால் வீல் பேலன்ஸ் பார்க்கலாம். அலைன்மென்டுக்குக் காசு கொடுப்பது கடைசியில்.

நெல்லிக்குப்பம் மாமா, காலை 10.23
முள் மேலே நிற்பதற்கும் அதே களிமண்தான் காரணமாக இருக்கும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேறு தங்கிவிட்டால், முன்னால் நின்று பார்ப்பவருக்குச் சுத்தமாகத்தான் தெரியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடு. பிரஷர் கன்னை அங்கே கொண்டுபோகாதே, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் போகும் வழியே அடைந்துவிடும்.

மஞ்சக்குப்பம் அக்கா, காலை 10.31
மாமா, வியாழக்கிழமை சிதம்பரம் கல்யாணத்துக்கு அந்த ஜீப்பில்தான் அம்மாவை அழைத்துப் போவதாக இருக்கிறோம். நம்பிப் போகலாமா, வேறு வண்டி சொல்லிவிடட்டுமா?

நெல்லிக்குப்பம் மாமா, காலை 10.50
ஆக்சில் ஆயிலைப் பார்க்காமல் போக வேண்டாம், அம்மா. மண்ணை விட எனக்குக் கவலை அதில்தான். ஓடிய வண்டியில், ஆக்சிலின் நடுவே கியர்களைப் பொதிந்திருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கப் பார்க்கும். அதற்காகவே ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாயைச் சேறு அடைத்துவிட்டாலோ, அதுவே தண்ணீருக்குள் இருந்தாலோ, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவோ பிரீதர் வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்விடும்.

தண்ணீர் கலந்த ஆயில் கியர் பற்களுக்கிடையே படலமாக நிற்காது. வண்டி அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. சில மாதம் கழித்துப் பேரிங் ஊளையிடும்போதுதான் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பலவற்றுக்கு எஞ்சின் ஆயிலை மாற்றியவர்கள் ஆக்சிலை மறந்துவிட்டார்கள். அடுத்த கோடையில் பட்டறைக்கு வந்த சத்தங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

பாகூர் தம்பி, காலை 10.58
ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டைக் கழற்றிப் பார்த்துவிடட்டுமா, மாமா?

நெல்லிக்குப்பம் மாமா, காலை 11.01
பொறு. ஆயில் ஊற்றும் மேல் நட்டை முதலில் கழற்று. கீழே வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்து அசையவில்லை என்றால், வண்டி ஆயிலும் இல்லாமல் அங்கேயே நிற்கும். இரவெல்லாம் நின்ற வண்டியாக இருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். நீ காலையில் ஓட்டியிருப்பதால் கலந்திருக்கும், நிறமே சொல்லிவிடும்.

பாகூர் தம்பி, பிற்பகல் 12.36
பின் ஆக்சிலில் வந்த ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. முன் ஆக்சிலில் கறுப்பாக, வழக்கம் போலவே இருக்கிறது. பின்பக்கப் பிரீதர் மூடியில் களிமண் இறுகியிருந்தது. ரிம்மின் உட்புறத்திலிருந்து இரண்டு கை கொள்ளும் அளவு மண் வந்தது.

வில்லியனூர் சித்தப்பா, பிற்பகல் 12.44
அப்படியானால் நான் சொன்ன அலைன்மென்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நெல்லிக்குப்பம் மாமா, பிற்பகல் 1.05
பிரீதரைச் சுத்தம் செய்துவிட்டு, கையேட்டில் சொன்ன தரத்திலேயே புது ஆயில் ஊற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு அதையும் வடித்துவிடு. ஆயில் வீணாகிறதே என்று பார்க்காதே, மூலைகளில் ஒட்டிய ஈரம் அதில்தான் வெளியேறும். இரண்டாவது முறையும் வெளுப்பாக வந்தால் மூன்றாவது முறை. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கியர் பாக்ஸையும் இதே வகையில் பார்த்துவிடு. ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில், அதாவது யூ.ஜே. கிராஸில், கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் மண்ணோடு பிதுங்கி, சுத்தமான கிரீஸ் கண்ணுக்குத் தெரியும் வரை கிரீஸ் கன்னை அழுத்து.

பின் பிரேக் டிரம்மைத் திறக்காமல் விடாதே. உள்ளே போன சேறு காய்ந்து பொடியானால், ஒவ்வொரு பிரேக்குக்கும் லைனிங்கை அரைத்துக்கொண்டே இருக்கும். ஈரமாக இருக்கும் வரை இரவில் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வை.

மஞ்சக்குப்பம் அக்கா, பிற்பகல் 1.12
மறுபடி கழுவ வேண்டுமென்றால் இங்கே கொண்டுவரட்டும், போர்வெல் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் மாமா, பிற்பகல் 1.18
உங்கள் தெருத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது, அம்மா. சாஸியின் இடுக்குகளில் அது காய்ந்தால் துருவுக்கு நாமே விதை போட்டதாகிவிடும். பாகூரில் குழாய்த் தண்ணீரிலேயே கழுவட்டும், கதவின் அடியிலும் சாஸியிலும் உள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடட்டும். புதன்கிழமை மாலை வண்டியை என்னிடம் கொண்டுவா, மாப்பிள்ளை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்குச் சரி சொல்கிறேன்.

பாகூர் தம்பி, பிற்பகல் 1.20
சரி மாமா. ஆயில் வாங்கக் கிளம்பிவிட்டேன், இரண்டு முறைக்கும் சேர்த்தே வாங்கி வருகிறேன்.