சூடானதும் ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டவில்லை: கேஸ் குறைவா, கிளட்ச் கோளாறா?

கேள்வி

காலையில் கார் ஏசி போட்டதும், கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் "டக்" என்று ஒட்டுகிறது, குளிர்ச்சியும் நன்றாக இருக்கிறது. வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் விட்டுவிடுகிறது, அதன் பிறகு ஒட்டுவதே இல்லை. புல்லி சுற்றுகிறது, முன்தட்டு அப்படியே நிற்கிறது. புளோயர், ரேடியேட்டர் ஃபேன் இரண்டும் ஓடுகின்றன. வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி வேலை செய்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலேயை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டும் அதே கதை. ஒட்டாத நேரத்தில், முன்தட்டை இழுக்கும் மின்காந்தச் சுருளின் (காயில்) கனெக்டரைக் கழற்றி அளந்தால் 13.4 வோல்ட் காட்டுகிறது. கேஸ் டாப்-அப் செய்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1

வேண்டாம். கேஸ் குறைந்து அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே போனால்தான் பிரஷர் சுவிட்ச் தடுக்கும். தடுத்தால் ரிலே அணைந்துவிடும், கனெக்டருக்கு வோல்ட்டே வராது. உங்களுக்கு வருகிறதே! சுவிட்ச், குளிர்ச்சி தரும் எவாப்பரேட்டரின் வெப்பம் பார்க்கும் சென்சார், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு எல்லாம் "ஓடு" என்று சொல்லிவிட்டன. கோளாறு அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

இருக்கிற கேஸுக்கு மேல் அளவில்லாமல் ஏற்றினால் ஹை சைடு (கம்ப்ரஸர் கேஸைத் தள்ளும் பக்கம்) அழுத்தம் 30 பார் பக்கம் போய், வேறொரு காரணத்துக்காகக் கட் ஆகும். இன்னொன்று: எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. 30 டிகிரியில் ஆர்-134ஏ கேஸ் ஏறக்குறைய 6.7 பார் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் அதே எண்தான். சந்தேகம் இருந்தால் முழுக்க எடுத்துவிட்டு, வேக்குவம் போட்டு, பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கனெக்டரைக் கழற்றி எடுத்த ரீடிங்கை நம்பி முடிவுக்கு வராதீர்கள். ரிலே சாக்கெட் பின் கருகியிருந்தாலும், வயர் உள்ளே ஒரே ஒரு இழையில் தொங்கினாலும், லோடு இல்லாதபோது மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். காயில் 3, 4 ஆம்பியர் இழுக்கும்போதுதான் உண்மை தெரியும். கனெக்டரை மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளங்கள். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள். மீட்டர் வயர் பெல்ட் பக்கம் போகாமல் கட்டிவிட்டு அளக்க வேண்டும்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, காயில் ஓம் பாருங்கள். ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளியை மூன்று இடத்தில் அளங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒட்டாத நேரத்தில், கனெக்டரை மாட்டியபடி: பேட்டரி 13.6, காயில் 13.3 வோல்ட். ஆறிய பிறகு காயில் 3.6 ஓம். இடைவெளி 0.85, 0.9, 0.9 மில்லிமீட்டர்.

பதில் 1

காரணம் கிடைத்துவிட்டது. பெரும்பாலான கிளட்ச்களில் இடைவெளி 0.35 முதல் 0.65 மில்லிமீட்டர் வரைதான் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய அது கூடும். காயில் சூடாகும்போது செம்பின் மின்தடையும் ஏறுகிறது: 30 டிகிரியில் 3.6 ஓம் என்றால் 100 டிகிரியில் சுமார் 4.6 ஓம். 3.7 ஆம்பியர் ஓடிய இடத்தில் 2.9தான் ஓடும். இழுவிசை கிட்டத்தட்ட ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பலம் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடுகிறது. 0.9 இடைவெளியை அந்தப் பலத்தால் தாண்ட முடியாது.

சரி செய்ய கேஸை வெளியேற்ற வேண்டியதில்லை. கேஸ் வெளியே வராமல் அடைக்கும் ஷாஃப்ட் சீலுக்கு வெளியேதான் கிளட்ச் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தட்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றுங்கள். தட்டு வரவில்லை என்றால் அதற்கான புல்லரைப் போடுங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது, அடி நேராகக் கம்ப்ரஸர் உள்ளே போகும். தட்டின் நடுத்துளையில் அல்லது ஷாஃப்ட் நுனியில் நாணயத்தைவிடச் சிறிய மெல்லிய வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவைதான் இடைவெளியை நிர்ணயிக்கும் ஷிம். மொத்தம் 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்துவிட்டு மாட்டி, மறுபடி மூன்று இடத்தில் அளங்கள். 0.3-க்குக் கீழே விடாதீர்கள். ஏசி அணைத்திருக்கும்போதும் உரசிச் சூடேறும்.

பதில் 2

தட்டைக் கழற்றிய கையோடு புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகர என்று சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது. அந்தச் சூடுதான் காயிலைக் கெடுக்கும், ஷிம் எடுத்துப் பயனில்லை. தட்டின் முகம் நீலம் பாய்ந்திருந்தாலும், எடுக்க ஷிம்மே மிச்சம் இல்லை என்றாலும் கிளட்ச் செட்டையே மாற்றுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும், எண்ணெய் படக்கூடாது. சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே கேஸ் கசிகிறது, அது தனி வேலை.

மாட்டியதும் எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து ஏசி பட்டனைப் பத்துப் பதினைந்து முறை போட்டு அணையுங்கள், தட்டு முகம் படியும். பிறகு ஒரு முறை நன்றாகச் சூடேற்றி, ஐடிலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.