கூட்டத்தைக் கலைத்தது போலீஸா, வீரப்பனின் சந்தேகமா?

பர்கூர் செம்மறை:
வீரப்பன் என்றாலே மீசை, சந்தனக்கட்டை, தந்தம். எனக்கு அந்தக் கடைசி இரவுதான் மனதில் நிற்கிறது. 2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டி பக்கம். ஒரு காலத்தில் படையே வைத்திருந்தவர், கண் வைத்தியத்துக்காக ஏறிய ஆம்புலன்ஸில் அவரோடு மூன்றே பேர். வண்டி ஓட்டியவரே மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். இந்தத் தனிமை அவராகத் தேடிக்கொண்டது என்கிறேன். துப்புச் சொல்லியிருப்பானோ என்ற சந்தேகத்திலேயே ஆளைத் தீர்க்கிற ஒருவரிடம் யார் நிம்மதியாகத் தூங்க முடியும்?

சத்தி வாழைத்தோட்டம்:
ஏனுங்க அண்ணா, ஆட்கள் அவர் குணத்தைப் பார்த்தா போனார்கள்? சுடப்பட்டார்கள், பிடிபட்டார்கள், சரணடைந்தார்கள். தம்பி அர்ஜுனன் காவலில் இருக்கும்போதே செத்தார். அதற்கப்புறம் சந்தேகப்படாமல் யார்தான் இருப்பார்? சேத்துக்குளி கோவிந்தன் கடைசி இரவு வரை கூடவே இருந்தாரே, அது பயத்தாலா?

பர்கூர் செம்மறை:
கோவிந்தன் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வன அதிகாரி ஸ்ரீனிவாஸை மறந்துவிட்டீர்கள். கோபிநத்தம் மக்களுக்கு மாரியம்மன் கோயில் எடுத்துக்கொடுத்த மனிதர். சரணடைகிறோம் என்ற பேச்சை நம்பி, 1991 நவம்பரில் ஆயுதமில்லாமல் போனார். தலையை வெட்டினார்கள். நம் பக்கம் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். நம்பி வந்தவரைக் கொன்றவர், அப்புறம் தன்னைத் தேடி வருகிற ஒவ்வொருவரையும் அதே கண்ணோடுதானே பார்த்திருப்பார்?

சத்தி வாழைத்தோட்டம்:
ஸ்ரீனிவாஸ் கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது பாவம். ஆனால் 2000-ல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய 108 நாளில், தூது போன பத்திரிகை ஆசிரியர் நக்கீரன் கோபால் காட்டுக்குள் போய்த் திரும்பினாரே? நம்பத் தெரியாதவர் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். அந்த ஆம்புலன்ஸில் ஏறியதும் நம்பித்தான்.

தாளவாடி மருமகள்:
ராஜ்குமாரைக் கடத்திய தொட்டகாஜனூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். இரண்டு அண்ணன்களும் அவருடைய தனிமையைப் பற்றியே பேசுகிறீர்கள். மலை ஊர்களில் ராகி விற்றவன், ஆடு மேய்த்தவன் எல்லோரும் இரண்டு பக்கமும் மாட்டினார்கள். இந்தப் பக்கம் துப்புச் சொன்னவன், அந்தப் பக்கம் சோறு போட்டவன். மாதேஸ்வரன் மலையில் வீரப்பனைத் தேடிய போலீஸ் அதிரடிப்படைக்கு விசாரணைக்கென்று ஒரு கூடம் இருந்தது, அதற்கு ஒர்க் ஷாப் என்றே பேர். அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு, தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் 2 கோடியே 80 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எங்கள் அம்மிச்சி இன்றைக்கும் பொழுது சாய்ந்த பிறகு யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை, குரல் தெரிந்த ஆளாக இருந்தாலும்.

பர்கூர் செம்மறை:
தங்கச்சி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பர்கூரிலும் அப்படி வீடுகள் உண்டு. ஆனால் அந்தப் பயத்தை முதலில் விதைத்தது யார் என்று கேட்டால், நான் இன்னமும் வீரப்பனைத்தான் சொல்வேன்.

தாளவாடி மருமகள்:
அம்மிச்சியைக் கேட்டுப் பார்த்தேன். அவர் யார் பேரையும் சொல்லவில்லை, அண்ணா.