பட்டானெஸ் தீவுகள்: போய் வந்த அனுபவம்

பிலிப்பைன்ஸ் என்றாலே எல்லோரும் பொராக்காய், பலவான் பற்றித்தான் கேட்கிறார்கள். என் மனசு ஒட்டிக்கொண்டது வடகோடியில் இருக்கும் பட்டானெஸில். நாட்டிலேயே மிகச் சிறிய மாகாணம். அதைத் தாண்டினால் அடுத்து தைவான்தான்.

மாகாணத் தலைநகரான பாஸ்கோவில் இறங்கியதும் எதிரே இரயா எரிமலை. அதன் அடிவாரத்தில் உள்ள வலுகன் கடற்கரையில் மணலே கிடையாது. எரிமலைப் பாறைகளைக் கடல் உருட்டி உருட்டி வழவழப்பாக்கி வைத்திருக்கிறது. குளிக்கிற இடமில்லை, கரையில் நின்று பார்க்கலாம்.

சப்தாங் தீவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவானா துறையிலிருந்து விடிகாலையில் ஃபலோவா படகில் போக வேண்டும். பிலிப்பைன்ஸில் மற்ற இடங்களில் படகின் இருபுறமும் மூங்கில் தாங்கிகள் இருக்கும், இதில் அதெல்லாம் இல்லை. அடிப்பாகமும் உருண்டை. நன்றாகச் சாய்ந்துதான் நிமிர்கிறது. எனக்குக் குடலைப் புரட்டியது. படகோட்டியோ பெரிய அலை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பதும், ஏறி இறங்கியதும் கூட்டுவதுமாக நிதானமாக ஓட்டினார்.

அங்கே சவாயன் கிராமத்தில் ஒரு பாட்டி தன் கல்வீட்டை உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், மேலே கனத்த புல்கூரை. சன்னல் திட்டில் கையை நீட்டினால் முழங்கை தாண்டியும் வெளிப்புறம் எட்டவில்லை. ஒரு பக்கச் சுவரில் சன்னலே வைக்கவில்லை. புயல்காற்று மோதுகிற பக்கம் அதுதானாம். பெரிய புயல் என்றால் கூரைமேல் வடம் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள்.

பாட்டி தலையில் வாக்குல் அணிந்திருந்தார். வோயவோய் என்ற மரத்தின் ஓலையை நாராக்கிச் செய்வது அது. நம் ஈச்சமரத்தின் இனம்தான். முதுகுவரை தொங்கும், வெயில் மழை இரண்டுக்கும் ஆகும். இதை அணிந்தவர்களைக் கண்டதும் நம் ஆட்கள் ஓடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் வயலுக்குப் போட்டுக்கொண்டு போகிற பொருள் அது.

புயலுக்கு அசையாத இந்த வீடுகளை நிலநடுக்கம் சாய்த்துவிடுகிறது என்பதுதான் வேதனை. 2019 ஜூலையில் பட்டானெஸின் இன்னொரு தீவான இட்பாயத்தில் பல கல்வீடுகள் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பழைய முறையில் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இருக்கிற வீடுகளையாவது காப்பாற்ற வேண்டும்.

இவானா துறைக்குப் பக்கத்தில் ஆளில்லாத கடை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடங்கியது. பொருளை எடுத்து, நோட்டில் எழுதி, பெட்டியில் காசு போட வேண்டும். எனக்கு முன்னால் வந்த பள்ளிச் சிறுமி பிஸ்கட் எடுத்துவிட்டு யாரையும் தேடாமல் காசு போட்டுப் போனாள். சில்லறை கிடைக்காது, மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மார்ச் முதல் மே வரை போவதுதான் நல்லது. அப்போதும் வானிலை கெட்டால் விமானம் ரத்தாகும், படகும் நின்றுவிடும். திரும்பும் தேதியை நெருக்கிப் போடாமல் ஓரிரு நாள் தாராளமாக விடுங்கள்.