மலைப் பஸ்ல வாந்தி எடுத்தா போட்ட கருத்தடை மாத்திரை வேலை செய்யுமா?

ஏலமலைப் பொண்ணு (வண்டிப்பெரியாறு):
அக்காமாரே ஒரு சந்தேகம், இங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல யார்கிட்டயும் வாய் தொறந்து கேக்க முடியாது அதான் இங்க கேக்குறேன். நான் மாலா-என் கருத்தடை மாத்திரை போடுறேன், சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சி வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவாங்க. தெனமும் காலைல 6 மணிக்கு, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறதுக்கு முன்னாடி டீ குடிச்ச கையோட போட்டுருவேன். நேத்து நாத்தனார் பொண்ணு சடங்குக்காக கம்பம் போனோம், குமுளி தாண்டி லோயர் கேம்ப் எறங்குறதுக்குள்ள அந்த வளைவுல எனக்கு வாந்தி வந்துருச்சு, மாத்திரை போட்டு ஒரு ஒண்ணரை மணி நேரம் ஆயிருக்கும். இன்னைக்கு காலைல மாத்திரைய போட்டுட்டு ஏறி வரும்போதும் அதே கதை. புது அட்டைல மூணாவதும் நாலாவதும் இப்படிப் போச்சு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுறாரு, சனிக்கிழமை வர்றாரு. எனக்கு பாதுகாப்பு இருக்கா இல்லையா? இன்னொண்ணு, அடுத்த மாசம் வீரபாண்டி திருவிழாவுக்குப் போகணும், அப்ப பீரியட்ஸ் வராம இருக்க தள்ளிப் போடுற மாத்திரை மெடிக்கல்ல வாங்கிக்க, அந்த நாள்ல மாலா-என் வேண்டாம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. செய்யலாமா?

குமுளி சிஸ்டர்:
நல்ல வேளை சனிக்கிழமைக்கு முன்னாடி கேட்டீங்கம்மா. மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அது உடம்புல சேரலன்னு வெச்சுக்கணும், 3 மணி நேரம்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க. உடனே இன்னொரு வெள்ளை மாத்திரை (ஹார்மோன் இருக்குறது) போட்டுட்டா கணக்கு சரியாயிரும், அதுக்குத்தான் கூட ஒரு அட்டை வாங்கி பைல வெச்சுக்கங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒரு மாத்திரை மட்டும் போயிருந்தா பயமே இல்ல. உங்களுக்கு ரெண்டு நாள் தொடர்ந்து போயிருக்கு, கடைசியா உடம்புல சேர்ந்தது முந்தாநாள் காலைல போட்டது, அதாவது 48 மணி நேரம் தாண்டிருச்சு. அதனால இப்பவே ஒரு வெள்ளை மாத்திரை போடுங்க, நாளைல இருந்து தெனமும் ஒண்ணு, தொடர்ந்து 7 நாள் வெள்ளை மாத்திரை உள்ள போற வரைக்கும் காண்டம் கட்டாயம். சனிக்கிழமை அதுக்குள்ள வந்துருது, அவர்கிட்ட இப்பவே போன்ல சொல்லிருங்க.

ஒண்ணு கேக்கணும், கடைசி 5 நாள்ல சேர்ந்து இருந்தீங்களா? இருந்திருந்தா அவசர மாத்திரை யோசிக்கணும், அது 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இந்த இடத்த கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நெறைய பேர் இதுலதான் ஏமாந்து போறாங்க. அட்டைல 28 இருக்குல்ல, 21 வெள்ளைலதான் ஹார்மோன் இருக்கு, மத்த 7 வெறும் இரும்புச்சத்து, அது நாள் கணக்கு தப்பாம இருக்கவும் ரத்தசோகைக்கும்தான். அந்த 7 நாள் சினைப்பைக்கு ஓய்வு விட்ட மாதிரி, மெல்ல முட்டை வளர ஆரம்பிக்கும், எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை வந்து அத நிறுத்திரும். அந்த இடைவெளி 7 நாளத் தாண்டுனா முட்டை வெளிய வந்துற வாய்ப்பு இருக்கு. அதனால நடு அட்டைல ஒண்ணு விட்டதுக்கு அழுறவங்க, புது அட்டைய மூணு நாள் லேட்டா ஆரம்பிச்சுட்டு 'ஆரம்பம்தானே'ன்னு சும்மா இருக்குறது சரியில்ல, ஆரம்பமும் வெள்ளை முடியுற கடைசி வாரமும்தான் ரொம்ப முக்கியம். கடைசி வாரத்துல ரெண்டு மூணு விட்டுப்போனா மீதி வெள்ளைய முடிச்சுட்டு இரும்பு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு நேரா அடுத்த அட்டை வெள்ளைக்குப் போகணும், கூடவே 7 நாள் காண்டம்.

போடிமெட்டு மருமகள்:
சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். எனக்கு ஃபிட்ஸுக்கு கார்பமசெபின் குடுத்தப்ப மாத்திரைய பத்தி டாக்டர்தான் கேட்டாங்க, அது கூட போட்டா கருத்தடை மாத்திரையோட பலம் கொறஞ்சிரும்னு எனக்கு கர்ப்பப்பைல வெக்கிற காப்பர்-டி வெச்சு விட்டாங்க. ஃபெனிடாய்னும் அப்படித்தானாம். டிபி மருந்துல வர்ற ரிஃபாம்பிசின் ரொம்ப முக்கியம், அது நிறுத்துனதுக்கு அப்புறமும் சில வாரம் விளைவு இருக்கும். எந்த வியாதிக்கு மருந்து எழுதுனாலும் 'நான் கருத்தடை மாத்திரை போடுறேன்'னு முதல்லயே சொல்லிருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கொழுந்துக்காரி:
அப்ப சளி காய்ச்சலுக்கு குடுக்குற ஆன்டிபயாட்டிக் போட்டாலும் வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே? ரொம்ப வருஷம் போட்டா அப்புறம் பிள்ளையே தங்காதுன்னும் எங்க மாமியார் சொல்லுவாங்க.

குமுளி சிஸ்டர்:
அமாக்சிசிலின், அசித்ரோமைசின் மாதிரி சாதாரண ஆன்டிபயாட்டிக்கால பாதிப்பு இல்ல, ஆனா அதுனால வாந்தியோ கடுமையான வயித்துப்போக்கோ வந்தா அது வேற கணக்கு. பிள்ளை தங்காதுங்கறது உண்மையில்ல, நிறுத்துனா கருத்தரிக்கிற சக்தி திரும்ப வந்துரும். சொல்லப்போனா நிறுத்துன உடனே கூட தங்கலாம், அதனால மாமியார் பேச்ச நம்பி ஒரு மாசம் விட்டுறாதீங்க.

திருவிழா விஷயத்துக்கு வர்றேன். தள்ளிப் போட கடைல தர்ற நோரெதிஸ்டிரோன் மாத்திரைய கருத்தடைக்குன்னு குடுக்குறதில்ல, அத நம்பி மாலா-என்ன நிறுத்தவே கூடாது. உங்களுக்கு அது தேவையும் இல்ல, இந்த அட்டைல வெள்ளை முடிஞ்ச மறுநாளே இரும்ப விட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளைய ஆரம்பிங்க, பீரியட்ஸ் தானா தள்ளிப் போகும், பாதுகாப்பும் விடாது. லேசா ரத்தக்கறை படலாம், பயப்பட வேண்டாம்.

ஏலமலைப் பொண்ணு:
சிஸ்டர் மனசு லேசாச்சு. அவர் லோடுக்குப் போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, அதனால அந்த அவசர மாத்திரை வேண்டாம்தானே? காலைல போடுறத ராத்திரிக்கு மாத்திக்கலாமா, இனி பஸ்ல போனாலும் தொல்ல இல்ல.

குமுளி சிஸ்டர்:
அப்ப வேண்டாம், காண்டம் மட்டும் போதும். ராத்திரிக்கு மாத்துறது நல்ல யோசனை, இன்னைக்கு இப்ப போடுற மாத்திரையே உங்க புது நேரமா இருக்கட்டும், நாளைக்கும் இதே நேரம். வேற யாராவது நேரம் மாத்தணும்னா அடுத்த மாத்திரைய முன்னாடி இழுத்துப் போடுங்க, பின்னாடி தள்ளி இடைவெளிய கூட்டாதீங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாந்தி வராம இருக்க அவோமின் மாத்திரை போட்டுக்கலாம், அதனால இதுக்கு ஒண்ணும் ஆகாது, தூக்கம் வரும் அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஆஷா சேச்சி வரும்போது பிபி பாக்கச் சொல்லுங்க. பிபி உள்ளவங்க, கண்ணுல மின்னல் மாதிரி தெரிஞ்சு ஒத்தத் தலைவலி வர்றவங்க, ரத்தம் உறையுற பிரச்சனை இருந்தவங்க, ஆறு மாசத்துக்குள்ள கைக்குழந்தைக்கு பால் குடுக்குறவங்க இந்த மாத்திரைய டாக்டர் பாக்காம போடக்கூடாது. அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத சாயான்னு ஒண்ணு இலவசமா கெடைக்குது, முதல் 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கு விட்டுப்போனா பாக்குற விதி வேற, நான் மேல சொன்னத அதுக்கு வெச்சுப் பாக்காதீங்க, சேச்சிகிட்ட தனியா கேட்டுக்கங்க.